எந்த நாட்டில் ஊழல் கூட? அட்டவணை போடப் போன கதை

எங்கள் ஊர் சனசமூக நிலையத்தில் உயர்தரம் படிக்கிற பெடியளோடு இடைக்கிடை ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு கலந்துரையாடல் வைப்போம். இந்த முறை தலைப்பு நாடுகளுக்கிடையே ஊழல். ஒப்பீட்டு அட்டவணை போடுகிற வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். இதே வேலை வேறு யாருக்கும் வந்தால் உதவட்டும் என்று, நான் போன வழியை எழுதுகிறேன்.

எல்லாரும் முதலில் போவது ஊழலுக்கு எதிரான உலக அமைப்பான ட்ரான்ஸ்பரன்சி இன்டர்நஷனலின் ஊழல் புலனுணர்வுச் சுட்டெண்ணுக்குத்தான். 1995 முதல் வருகிறது, 2024இல் 180 நாடுகள், 0 என்றால் படுமோசம், 100 என்றால் சுத்தம். அதில் டென்மார்க் 90, சிங்கப்பூர் 84, சுவிஸ் 81, கனடா 75, இந்தியா 38, இலங்கை, அதாவது நாங்கள், 32. முழுவதையும் எக்செல்லாகவே இறக்கலாம். இறக்கினால் புள்ளியைப் பாருங்கள், இடத்தைப் பார்க்காதீர்கள். நடுப்பகுதியில் நாடுகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பதால், 2023இல் 34 எடுத்த நாங்கள் இரண்டே புள்ளி இறங்க 115ஆம் இடத்திலிருந்து 121க்குப் போய்விட்டோம். 2012க்கு முந்திய புள்ளிகளோடு ஒப்பிடவே வேண்டாம், கணக்குப் போடும் முறை அந்த வருடம் மாறிவிட்டது.

இவ்வளவோடு அட்டவணை முடிந்திருக்கும். ஆனால் அந்தப் புள்ளி எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், நிபுணர்களும் வணிகத்துறை ஆட்களும் அரசதுறையைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பதுதான் அதில் இருக்கிறது. பிரதேச செயலகத்தில் வரிசையில் நிற்கிற ஆச்சியை யாரும் கேட்பதில்லை. ஆச்சியைக் கேட்பது அதே அமைப்பின் இன்னொரு கருத்துக்கணிப்பு, பெயர் உலக ஊழல் பாரோமீட்டர். 2020இல் ஆசியாவில் எடுத்ததில், முந்திய 12 மாதங்களில் அரச சேவையைப் பயன்படுத்தினவர்களில் லஞ்சம் கொடுத்ததாகச் சொன்னவர்கள் இந்தியாவில் 39 வீதம், இலங்கையில் 16 வீதம், ஜப்பானில் 2 வீதம். அதே வருடச் சுட்டெண்ணில் இந்தியா 40, நாங்கள் 38! மேலிருந்து பார்த்தால் அவர்கள் கொஞ்சம் திறம், கவுண்டரில் நின்று பார்த்தால் நாங்கள் எவ்வளவோ மேல். எங்களிடம் ஊழல் பெரிய டெண்டர்களில்தான் கூட என்பது என் ஊகம், நிரூபிக்க என்னிடம் ஒன்றுமில்லை.

அப்புறம் லஞ்சமாக என்ன கொடுத்தீர்கள் என்று ஊரிலேயே கேட்டுப் பார்க்கலாமே என்று தோன்றியது. கை உயர்த்தச் சொன்னால் ஒருத்தரும் உயர்த்தமாட்டார்கள். அதனால் பெயர் எழுதாத துண்டுக் கடதாசி, ஒரு பழைய பிஸ்கற் டின், மூடியில் ஓட்டை. வந்த துண்டுகளைப் படிக்கச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. காசு என்று எழுதினவர்கள் குறைவு. "பாரைக் கருவாடு", "ரெண்டு போத்தல் நல்லெண்ணெய்", "மோட்டச்சைக்கிளுக்கு பெற்றோல்", ஒருத்தர் "அவற்ற மகளுக்கு கணக்குச் சொல்லிக் குடுத்தனான், ஃபீஸ் வாங்கேல்லை". இதை எந்த நாட்டுச் சுட்டெண்ணில் கொண்டுபோய்ப் போடுவது? ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் ஒருவர்தான், லஞ்சம் கொடுப்பதும் குற்றம் தம்பி, எழுத்தை வைச்சே ஆளைப் பிடிக்கலாம் என்று ஞாபகப்படுத்தினார். 2023இன் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்திலும் கொடுப்பது குற்றம்தான். எண்ணி முடித்ததும் துண்டுகள் அடுப்புக்குப் போயின.

கலந்துரையாடல் அன்று கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த என் சித்தப்பாவும் வந்தார். "அங்க ஒரு சதம் குடுக்கத் தேவையில்லையடா, எல்லாம் ஒன்லைன்" என்று தொடங்கினார். உண்மைதான், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அவருடைய கனடாவில்தான் எஸ்என்சி லாவலின் என்ற பொறியியல் கம்பனி இருக்கிறது, 2023இல் பெயரை அட்கின்ஸ்ரியாலிஸ் என்று மாற்றிக்கொண்டது. பங்களாதேஷின் பத்மா பாலத் திட்ட விவகாரத்தில் 2013இல் உலக வங்கி அதன் துணைநிறுவனத்தைப் பத்து வருடத்துக்குத் தடைசெய்தது, லிபிய லஞ்ச விவகாரத்தில் 2019இல் அதன் கட்டுமானப் பிரிவு மோசடிக் குற்றத்தை ஒப்புக்கொண்டு 28 கோடி கனடிய டொலர் தண்டம் கட்டச் சம்மதித்தது. எங்களுக்குக் கிட்டவாகவே ஒன்று இருக்கிறது: 2020 ஜனவரியில் விமானம் கட்டுகிற ஏர்பஸ் கம்பனி பல நாட்டு லஞ்ச வழக்குகளை முடிக்க பிரான்ஸ், பிரித்தானியா, அமெரிக்காவுக்குச் சேர்த்து ஏறக்குறைய 360 கோடி யூரோ கொடுக்க ஒத்துக்கொண்டதே, அதில் ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸும் ஒன்று. அதன் அதிகாரி ஒருவரின் மனைவியை இடைத்தரகராக வைத்து, அவருடைய நிறுவனத்துக்கு 20 இலட்சம் டொலர் போனதாகப் பிரித்தானிய நீதிமன்ற ஆவணத்தில் இருக்கிறது.

வாங்கின நாட்டின் புள்ளியில் இதெல்லாம் சேரும். கொடுத்த கம்பனியின் நாட்டுப் புள்ளியை இது தொடுவதேயில்லை, ஏனென்றால் வெளிநாட்டில் போய் லஞ்சம் கொடுப்பதைச் சுட்டெண் அளப்பதில்லை. களவுக் காசைப் பதுக்க இடம் கொடுப்பதையும் அப்படித்தான். அதற்கு டாக்ஸ் ஜஸ்டிஸ் நெற்வேர்க் என்ற அமைப்பின் நிதி இரகசியச் சுட்டெண் என்று தனியாக ஒன்று இருக்கிறது, 2022இல் அதில், ஒளிக்க இடம் கொடுப்பதில், அமெரிக்கா முதலாவது, சுவிஸ் இரண்டாவது, சிங்கப்பூர் மூன்றாவது.

ஆகவே அட்டவணையை மூன்று நிரலாகப் பிரித்தேன்: நிபுணர் சொல்வது, கவுண்டரில் கொடுத்தவர் சொல்வது, காசு போய் ஒளியும் இடம். மூன்றையும் கூட்டி ஒரே எண்ணாக்கித் தரச் சொல்லிப் பெடியள் கேட்டார்கள், நான் மறுத்துவிட்டேன். சித்தப்பா மூன்றாவது நிரலை ஏற்கவில்லை. "அது வங்கிக்காரன்ர பிரச்சினை, அரசாங்கத்தின்ர இல்லை" என்று வாசல்வரை வாதாடிக்கொண்டே போனார். அட்டவணை நிலையத்து மேசையில் இருக்கிறது, விரும்பியவர்கள் வந்து படம் எடுத்துக்கொள்ளலாம்.