கோப்பின் முதல் பக்கமும் மதிப்பெண் தாளும்

பாலியல் குற்றத்துக்காகத் தண்டனை பெற்றவர்களின் கோப்புகளில் முதல் சில பக்கங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். குடிகார அப்பா, அடி உதை, பாதியில் நின்ற படிப்பு, உறவினர் ஒருவர் செய்த அத்துமீறல். படிப்பவர் மனதில் உடனே ஒரு முடிவு விழுந்துவிடும்: இப்படி வளர்ந்தவர் வெளியே போனால் மறுபடியும் செய்யாமல் இருப்பாரா? மதிப்பீடு தடம் புரள்வது இங்கேதான். ஒருவர் குற்றத்துக்கு எப்படி வந்து சேர்ந்தார் என்பது ஒரு கேள்வி. திரும்பவும் செய்வாரா என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கான விடையை இரண்டாவதற்கும் எழுதிவிடுகிறோம்.

முதல் கேள்விக்குக் குழந்தைப் பருவம் நல்ல விடைதான். பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்து 2009-இல் வந்த ஒரு தொகுப்பாய்வில், சிறுவயதில் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானதற்கான வாய்ப்பு விகிதம் மற்றக் குற்றவாளிகளைவிடப் பாலியல் குற்றவாளிகளிடம் மூன்று மடங்குக்கும் மேல் இருந்தது. உடல்ரீதியான அடி உதையில் இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் இவை பெரும்பாலும் வளர்ந்தபின் தாங்களே சொன்ன வரலாறுகள். குழந்தைப் பருவத்திலிருந்து தொடங்கி முன்னோக்கிப் போன ஓர் அமெரிக்க ஆய்வு 2015-இல் வெளியானது: நீதிமன்றப் பதிவுகளில் வன்கொடுமைக்கோ புறக்கணிப்புக்கோ ஆளானதாக இருந்த 908 குழந்தைகளையும், அப்படிப் பதிவு இல்லாத, மற்றபடி அவர்களுக்கு இணையான 667 பேரையும் நடுவயது வரை பின்தொடர்ந்தது. அடிபட்டவர்களும் புறக்கணிக்கப்பட்டவர்களும் பின்னாளில் பாலியல் குற்றத்தில் கைதாகும் வாய்ப்பு ஏறக்குறைய இரட்டிப்பானது. பாலியல் வன்கொடுமைக்கு மட்டும் அப்படி உறுதியான தொடர்பு கிடைக்கவில்லை. ‘பாதிக்கப்பட்ட குழந்தை நாளைய குற்றவாளி’ என்று சர்வசாதாரணமாகச் சொல்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அந்தப் பேச்சு பாதிக்கப்பட்டவர்கள் மீது இன்னொரு கறையைப் பூசுகிறது.

இரண்டாவது கேள்விக்கு வருவோம். கனடா ஆய்வாளர்கள் ஹான்சனும் புசியேரும் 1998-இல் 61 ஆய்வுகளைத் தொகுத்தார்கள். சிறுவயதில் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானதற்கும் பின்னால் பாலியல் குற்றத்தை மீண்டும் செய்வதற்கும் இடையிலான தொடர்பெண் (0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு) மைனஸ் 0.01. நடைமுறையில் பூஜ்யம். அதே தொகுப்பில், குழந்தைகள் மீதான பாலியல் ஈர்ப்பு, உடலின் எதிர்வினையைப் பதியும் கருவி மூலம் அளக்கப்பட்டிருந்தால் அதன் தொடர்பெண் 0.32. 2005-இல் 82 ஆய்வுகளைக் கொண்டு செய்த அடுத்த தொகுப்பிலும் முன்னால் நின்றவை இரண்டு: பிறழ்ந்த பாலியல் நாட்டமும், சட்டத்தையும் பிறரையும் மதிக்காத பொதுவான சமூகவிரோதப் போக்கும். மோசமான வளர்ப்புச் சூழல் கடைசி வரிசையில்தான் இருந்தது.

ஏன் இப்படி? மழையில் நனைந்தவர்களை மட்டும் ஓர் அறையில் உட்காரவைத்து, இவர்களில் யாருக்குக் காய்ச்சல் வரும் என்று கேட்டால் ‘நனைந்தவருக்கு’ என்பது விடையாகாது. தண்டனை பெற்றவர்களின் கூட்டத்தில் சிறுவயதுப் பாதிப்பு பரவலாக இருக்கிறது. அதனால் அது ஒருவரை இன்னொருவரிடமிருந்து பிரித்துக் காட்டுவதில்லை. இன்னொன்று, குழந்தைப் பருவத்தின் தாக்கம் பெரும்பாலும் வேறு வழியாகவே வந்து சேருகிறது: அவசரபுத்தி, நிலைக்காத உறவுகள், கோபம், போதை. இவற்றை நேரடியாக அளந்துவிட்டால் பின்னால் இருக்கும் வரலாறு புதிதாகச் சேர்ப்பது கொஞ்சம்தான்.

பாலியல் மறுகுற்ற அபாயத்துக்கு மதிப்பெண் போட உலகில் மிகப் பரவலாகப் பயன்படும் ஸ்டாட்டிக்-99ஆர் கருவியைப் பாருங்கள். பத்துக் கேள்விகள், குழந்தைப் பருவம் பற்றி ஒன்றுகூட இல்லை. 28 வயதில் விடுதலையாகும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வயதுக்கு 1. துணையுடன் தொடர்ந்து இரண்டு ஆண்டு வாழ்ந்ததில்லை, 1. முன்பு ஒரு பாலியல் குற்றத் தண்டனை, 1. பாதிக்கப்பட்டவர் உறவினர் இல்லை, 1. முன்பின் தெரியாதவர், அதற்கும் 1. மொத்தம் 5, சராசரிக்கு மேலான பிரிவு. அதே விவரங்களோடு 61 வயதில் வெளியே வருபவருக்கு வயதுக் கேள்வியில் மைனஸ் 3. மொத்தம் 1, சராசரிப் பிரிவு. வயது ஒன்றே நான்கு புள்ளிகளை நகர்த்துகிறது.

மதிப்பெண் போடுபவர்கள் வழக்கமாகத் தவறும் இடம், இந்தக் கருவி வயது வந்த ஆண்களுக்கு மட்டும் என்பதை மறப்பது. பெண்களுக்கோ, ஆபாசப் படம் வைத்திருந்த குற்றம் மட்டுமே உள்ளவர்களுக்கோ இதைப் போடக்கூடாது. இன்னொரு தவறு, கிடைத்த மதிப்பெண்ணை ‘பாவம், மோசமான வளர்ப்பு’ என்றோ ‘ஆபத்தான வளர்ப்பு’ என்றோ மேலும் கீழும் நகர்த்துவது. அப்படி நகர்த்தும்போது துல்லியம் கூடுவதில்லை, குறைகிறது.

ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும். சோராக் என்ற 14 கேள்விக் கருவியில், 16 வயது வரை பெற்றோர் இருவருடனும் வாழ்ந்தாரா, தொடக்கப்பள்ளியில் நடத்தைச் சிக்கல் இருந்ததா என்ற இரண்டும் உண்டு. ஆனால் அது கணிப்பது வன்முறை மறுகுற்றத்தை. பாலியல் குற்றம் அதில் ஒரு பகுதி. சின்ன வயதிலேயே தொடங்கிய நடத்தைச் சிக்கல் வன்முறைக்குச் சுட்டுவது வேறு, குழந்தையாக அனுபவித்த துயரம் சுட்டுவது வேறு. ‘சிறுவயதுக் காரணி’ என்று இரண்டையும் ஒரே பையில் போட்டுவிடுகிறார்கள்.

அடிப்படை விகிதத்தை, அதாவது மொத்தத்தில் எத்தனை பேர் மறுபடி செய்கிறார்கள் என்பதை, மறப்பதுதான் பெரிய பிழை. 2005 தொகுப்பில், சராசரியாக ஐந்தாறு ஆண்டுப் பின்தொடர்வில், பாலியல் மறுகுற்றம் பதிவானது 13.7 சதவீதம். இது பதிவானது மட்டும்; புகாருக்கு வராதவை இதில் சேராது. கணக்குக்கு 1000 பேர், 10 சதவீதம் என்று வைப்போம். 100 பேர் மறுபடி செய்வார்கள். கருவி இரு பக்கமும் 70 சதவீதம் சரியாகச் சொல்கிறது என்றால் அந்த 100-இல் 70 பேரைப் பிடிக்கும். மீதமுள்ள 900 பேரில் 270 பேரையும் தவறாகப் பிடிக்கும். ‘அபாயம்’ முத்திரை விழுந்த 340 பேரில் மறுகுற்றம் செய்பவர் 70, ஐந்தில் ஒருவர். அந்த முத்திரையை ‘நிச்சயம் செய்வார்’ என்று படிக்கும் அதிகாரி ஐந்தில் நான்கு முறை தவறுவார்.

காலமும் மதிப்பெண்ணைத் தின்கிறது. 7,740 பேரைப் பற்றிய 2014 ஆய்வில், உயர் அபாயப் பிரிவினரின் மறுகுற்றம் விடுதலைக்குப் பின் முதல் ஐந்து ஆண்டில் 22 சதவீதம். பத்து ஆண்டுகள் குற்றமின்றிக் கழித்தவர்களுக்கு அடுத்து வந்த காலத்தில் அது 4.2 சதவீதம். குழந்தைப் பருவம் மாறாது, அபாயம் மாறுகிறது.

அப்படியானால் முதல் பக்கத்தைக் கிழித்துவிடலாமா? கூடாது. சிறுவயதில் பல சிக்கல்களைச் சந்தித்தவர்கள் சிகிச்சையைப் பாதியில் விடுவதும், கண்காணிப்பு நிபந்தனைகளை மீறுவதும் அதிகம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பாதியில் விட்டவர்களின் மறுகுற்ற விகிதமும் அதிகம். யாரையும் நம்பாமல் வளர்ந்தவரைக் குழுவில் உட்காரவைத்து முதல் நாளே குற்றத்தை விவரிக்கச் சொன்னால் அவர் மூடிக்கொள்வார், அல்லது கேட்பவருக்குப் பிடித்ததைச் சொல்வார். இங்கிலாந்து, வேல்ஸ் சிறைகளில் நடந்த முதன்மைச் சிகிச்சைத் திட்டத்தின் மதிப்பீடு 2017-இல் வந்தபோது, பங்கேற்றவர்களில் பாலியல் மறுகுற்றம் 10 சதவீதம், பங்கேற்காதவர்களில் 8. திட்டம் கைவிடப்பட்டது. குற்றத்தை ஒப்புக்கொள்வதற்கும் பாதிக்கப்பட்டவர் மீதான இரக்கத்துக்கும் அது நிறைய நேரம் கொடுத்தது. மறுகுற்றத்தோடு இவ்விரண்டுக்கும் பெரிதாகத் தொடர்பில்லை என்று 1998 தொகுப்பிலேயே எண்கள் சொல்லியிருந்தன.

அறிக்கை எழுதும்போது வளர்ப்பு வரலாற்றை அபாயப் பகுதியில் வைக்காமல், சிகிச்சைத் திட்டத்தின் கீழ் வைக்கவும். அபாயப் பகுதியில் ஸ்டாட்டிக்-99ஆர் போன்ற நிலையான மதிப்பெண், அதன்பின் ஸ்டேபிள்-2007 போன்ற கருவி அளக்கும் மாறக்கூடிய காரணிகள்: நட்பு வட்டம், பாலுறவைக் கவலைக்கு மருந்தாக்குவது, மேற்பார்வைக்கு ஒத்துழைப்பு. இவற்றை ஆறு மாதம் முதல் ஓராண்டுக்கு ஒருமுறை திரும்பப் போட வேண்டும். குடி, ஆதரவு உடைவது, குற்றத்துக்கு இலக்காகக்கூடியவர்கள் அருகில் இருப்பது ஆகிய மூன்றையும் ஒவ்வொரு சந்திப்பிலும் கேட்டு, தேதியோடு குறிக்கவும். போன மாதத்துப் பதிலைப் பார்த்து நகலெடுத்து எழுதினால் தாள் நிரம்பும்; மாற்றம் மட்டும் தெரியாமல் போகும்.