மாயவரம், உய்யக்கொண்டார் வளநாடு, யு.பி.

மாயவரத்தை மயிலாடுதுறை என்று அரசாங்கம் மாற்றியது 1982இல். தேவாரத்திலேயே இருக்கிற பெயர்தான், புதுசு ஒன்றும் இல்லை. ஆனாலும் கும்பகோணம் பஸ் ஸ்டாண்டில் இன்றைக்கும் கண்டக்டர் கூவுவது "மாயரம், மாயரம்"தான். ஊருக்கே இந்தக் கதி என்றால் மாநிலங்களுக்குப் பெயர் வைத்தவர்கள் என்ன பாடு பட்டிருப்பார்கள்?

சிலர் பாடே படவில்லை. வெள்ளைக்காரன் காலத்து யுனைடெட் பிராவின்ஸஸ் 1950 ஜனவரியில் உத்தரப் பிரதேசம் ஆனது. வடக்கு மாநிலம், அவ்வளவுதான் அர்த்தம். முன்பும் யு.பி., பின்பும் யு.பி., ரப்பர் ஸ்டாம்பைக்கூட மாற்ற வேண்டாம். மேகாலயா கேட்க அழகாக இருக்கிறது, மேகங்களின் இருப்பிடம். ஆனால் அங்கே பேசுவது காசியும் காரோவும், பெயரோ ஒரு புவியியல் பேராசிரியர் சமஸ்கிருதத்தில் உருவாக்கியது. மிசோரம் அப்படியில்லை, 'ரம்' என்றால் அவர்கள் மொழியிலேயே நிலம். எனக்கு இந்த இரண்டாவது வகைதான் பிடிக்கும், அங்கே இருக்கிறவன் வாயில் ஏற்கெனவே இருக்கிற பெயர்.

நம்முடையதும் அந்த வகைதான், ஆனால் கிடைக்கத்தான் உயிர் போனது. மெட்ராஸ் ஸ்டேட்டுக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைக்க வேண்டும் என்பது உட்பட 12 கோரிக்கைகளோடு 1956 ஜூலையில் விருதுநகரில் உண்ணாவிரதம் உட்கார்ந்தார் சங்கரலிங்கனார். 76 நாள். அக்டோபர் 13 அன்று இறந்துபோனார். அதற்கப்புறமும் 1967 ஜூலை 18 வரை காத்திருந்துதான் அண்ணா முதல்வராக இருந்தபோது சட்டமன்றத்தில் தீர்மானம் நிறைவேறியது, 1969 பொங்கலன்று நடைமுறைக்கு வந்தது. மைசூர் கர்நாடகம் ஆக இன்னும் நாலு வருஷம், 1973 நவம்பர் 1.

இதில் ஒரு வேடிக்கை. சோழர் காலத்தில் 'நாடு' என்றால் சில ஊர்கள் சேர்ந்த சின்னப் பகுதி. ஒரத்தநாடு, பாப்பாநாடு என்று எங்கள் பக்கம் இன்னும் வால் ஒட்டிக்கொண்டிருக்கிறதே, அந்த மாதிரி. ராஜராஜன் பல நாடுகளைச் சேர்த்து வளநாடு ஆக்கி, தன் பட்டப்பெயர்களையே வைத்தான். எல்லைக்கு ஆறுதான் கணக்கு: காவிரிக்கும் அரிசிலுக்கும், அதாவது இன்றைய அரசலாற்றுக்கும், நடுவில் கிடக்கும் நிலம் உய்யக்கொண்டார் வளநாடு. அதற்கும் மேலே மண்டலம். அந்தச் சோழமண்டலம்தான் ஐரோப்பியர் வாயில் கோரமண்டல் ஆகி, இப்போது ரயிலுக்குப் பெயராக ஓடுகிறது. பின்னால் வந்த ராஜாக்கள் வளநாடுகளுக்குத் தங்கள் பெயரை மாற்றி வைத்துக்கொண்டார்கள். ஆட்சி மாறினால் போர்டு மாறும் என்பது நேற்று வந்த பழக்கம் இல்லை. எங்கள் சோழன் போக்குவரத்துக் கழகமே 1997இல் பெயரை இழந்து அரசுப் போக்குவரத்துக் கழகம், கும்பகோணம் என்று ஆனது!

இன்னும் முடியவில்லை. கேரளா என்பதைக் கேரளம் ஆக்கச் சொல்லி அவர்கள் சட்டமன்றம் 2023இல் தீர்மானம் போட்டது. நியாயம்தான், தமிழில் நாம் காலங்காலமாக அப்படித்தானே எழுதுகிறோம். மேற்கு வங்கம் 2018இல் 'பங்ளா' என்று கேட்டது. கிழக்கு தனி நாடாகப் போனபின் இந்த மேற்கு எதற்கு என்பது சரியான கேள்வி. ஆனால் அது மட்டும் நடந்தால், நம் ஊரில் பாதிப் பேர் அதைப் பெரிய வீடு என்றுதான் நினைத்துக்கொள்வார்கள்.