நாக்கை மடிக்கச் சொல்லாதீர்கள்

போன வாரம் ஒரு தங்கை போன் செய்தாள். புதிதாக வேலையில் சேர்ந்திருக்கிறாள், என்னைப் போலவே நடுநிலைப் பள்ளி, ஆறு முதல் எட்டு வரை அறிவியல். "அக்கா, செல் பாடம் ஆரம்பிக்கப் போறேன், அப்படியே மரபணு பத்தியும் கொஞ்சம் சொல்லலாம்னு இருக்கேன், பசங்களுக்குப் பிடிக்கிற மாதிரி என்ன செய்யலாம்?" என்றாள். என் வாயில் முதலில் வந்தது, "எது வேணும்னாலும் செய், நாக்கை மடிக்கச் சொல்ற விளையாட்டை மட்டும் செய்யாதே" என்பதுதான். ஏன் என்று கேட்டாள். பேசி முடிக்க ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. அவளுக்குச் சொன்னதையும் சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதிவைக்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன்னால் ஏழாம் வகுப்பில் நானே அந்த விளையாட்டை நடத்தினேன். நாக்கின் இரண்டு ஓரத்தையும் மேலே தூக்கிக் குழல் மாதிரி மடிக்க முடிகிறதா என்று பார்ப்பது, வீட்டில் அப்பாவையும் அம்மாவையும் மடிக்கச் சொல்லி அட்டவணையில் எழுதி வருவது. மடிக்க முடிவது ஓங்கு பண்பு, அதாவது அப்பா, அம்மா இருவரில் ஒருவரிடமிருந்து வந்தாலே வெளியே தெரிகிற பண்பு, ஆகவே பெற்றோர் இருவருக்கும் முடியாவிட்டால் பிள்ளைக்கும் முடியாது என்று கரும்பலகையில் நானே எழுதிப்போட்டேன். நான் படித்தபோது எனக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். மறுநாள் ஒரு பையன் அட்டவணையை நீட்டினான். அவனுக்கு அழகாக மடிகிறது, அப்பாவுக்கும் இல்லை, அம்மாவுக்கும் இல்லை. பக்கத்தில் இருந்தவன் எட்டிப் பார்த்துவிட்டு, "அப்ப நீ அவங்க புள்ள இல்லடா" என்றான். வகுப்பே சிரித்தது. அவனும் சிரித்தான்.

சாயங்காலம் பள்ளி விட்ட பிறகு நான் வண்டியை எடுக்கப் போனபோது அவன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றான். பை தோளில் இருக்கிறது, ஆனால் கிளம்பவில்லை. "என்னப்பா?" என்றேன். "டீச்சர், எங்க அக்கா என்னைத் தவிட்டுக்கு வாங்கினதுன்னு சொல்லுவா. அது சும்மாதானே?" என்றான். நம் ஊரில் எல்லாப் பிள்ளைகளும் கேட்டு வளர்கிற கேலிதான் அது. ஆனால் அக்கா சொன்னால் கேலி, டீச்சர் கரும்பலகையில் எழுதிப்போட்டால் அது அறிவியல். அவன் ராத்திரியெல்லாம் அதை யோசித்திருக்கிறான் என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. "உன் நெற்றியும் நடையும் உங்க அப்பாவை உரிச்சு வச்சிருக்குடா" என்று சொல்லி அனுப்பிவிட்டு, அன்றைக்கு ராத்திரி நான் உட்கார்ந்து படித்தேன். படிக்கப் படிக்கத்தான் தெரிந்தது, நான் எழுதிப்போட்டது பிள்ளையைப் புண்படுத்தியது மட்டுமல்ல, அடிப்படையிலேயே தப்பு.

நாக்கு மடிப்பதை ஒரே மரபணுவின் வேலை என்று 1940இல் எழுதியவர் ஆல்ஃபிரட் ஸ்டர்ட்டவன்ட், மரபியலில் பெரிய ஆள். ஆனால் 1952இல் ஃபிலிப் மேட்லாக் என்பவர் ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையர் 33 ஜோடிகளைப் பார்த்தார். மரபணுவில் அச்சாக ஒரே மாதிரி இருக்கிறவர்கள். அதில் 7 ஜோடிகளில் ஒருவருக்கு நாக்கு மடிந்தது, மற்றவருக்கு மடியவில்லை. அதற்கு முந்தைய வருஷம் ஜப்பானில் பள்ளிப் பிள்ளைகளிடம் பார்த்தபோது 6, 7 வயதில் 54 சதவீதம் பேருக்கு முடிந்தது, 12 வயதில் அது 76 சதவீதம். அதாவது பிள்ளைகள் வளர வளரக் கற்றுக்கொள்கிறார்கள். ஸ்டர்ட்டவன்டே தான் சொன்னதைத் திரும்பப் பெற்றார், இன்னமும் இதை உதாரணமாகக் காட்டுகிறார்களே என்று 1965இல் சங்கடப்பட்டு எழுதினார். அவர் திருத்திக்கொண்டு அறுபது வருஷம் ஆகிறது, வகுப்பறைக்கு மட்டும் அது வந்து சேரவில்லை. காது மடல் ஒட்டியிருக்கிறதா தொங்குகிறதா என்பதும் இதே கதைதான். பாதி ஒட்டியது, கால்வாசி ஒட்டியது என்று எல்லா விதமும் உண்டு, இரண்டு பெட்டிக்குள் அடைக்க முடியாது. தோல் நிறத்துக்குப் பல மரபணுக்கள், அதன் மேல் வெயில் வேறு.

மறுநாள் வகுப்பில் எல்லார் முன்னாலும் "நான் முந்தாநாள் எழுதினது தப்பு" என்று சொல்லி இந்த 33 ஜோடிக் கதையைச் சொன்னேன். கேலி செய்த பையனே, "அப்ப ரெட்டைப் பிள்ளைக்கே மாறுதுன்னா சும்மாதான்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டான்.

சரி, அதை விட்டுவிட்டால் எதைச் செய்வது? என் அனுபவத்தில், மரபணுக்கள் இருக்கிற இடமான செல்லின் உட்கருவைக் கண்ணால் பார்க்காத பிள்ளையிடம் மரபணுவைப் பற்றிப் பேசக் கூடாது. பேசினால் அது இன்னொரு மனப்பாட வார்த்தையாகப் போய்விடும். புத்தகத்தில் செல் படம் பெரிதாக, கலர் கலராக இருக்கிறது, பிள்ளைகள் அதைத் தட்டையான ஒரு பொருள் என்றே நினைக்கிறார்கள். எங்கள் பள்ளியில் இருப்பது ஒரே மைக்ராஸ்கோப். கண்ணாடியைத் திருப்பி ஜன்னல் வெளிச்சத்தைப் பிடிக்க வேண்டும். பெரிய வெங்காயத்தை நான்காக வெட்டி, ஒரு தோட்டின் உள்பக்கத்தில் இருக்கிற மெல்லிய சவ்வை உரித்து, ஒரு சொட்டுத் தண்ணீரில் விரித்து, மேலே அயோடின். கடையில் காயத்துக்கு வாங்குகிற பீட்டாடினைத் தண்ணீர் கலந்து விட்டாலும் ஓரளவு நடக்கும்.

இதில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். முதல் தடவை பார்க்கிற பிள்ளை "தெரியுது டீச்சர்!" என்று கத்தி, உட்கார்ந்து ஆசையாக வரைவது பெரும்பாலும் காற்றுக் குமிழியைத்தான். கறுப்பாகத் தடித்த விளிம்பு கட்டின நல்ல வட்டம், புத்தகத்தில் இருக்கிற செல் மாதிரியே இருக்கும். நிஜ செல் செங்கல் சுவர் மாதிரி மங்கலாகப் பின்னால் கிடக்கும், அதை யாரும் கவனிக்க மாட்டார்கள். "அது தப்பு, இதைப் பார்" என்று நான் சொல்வதில்லை. பென்சில் முனையால் கவர் ஸ்லிப்பை, அதாவது மேலே மூடின மெல்லிய கண்ணாடித் துண்டை, லேசாகத் தட்டச் சொல்வேன். வட்டம் நகரும், சில சமயம் இரண்டு சேர்ந்து ஒன்றாகும். செங்கல் எதுவும் அசையாது. எது வெங்காயம், எது காற்று என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள். அப்புறம் நிச்சயம் ஒரு பிள்ளை கேட்கும், "புத்தகத்துல தாவர செல்லுல பச்சையா இருக்கே, இதுல ஏன் இல்ல?" வெங்காயம் மண்ணுக்குள் கிடப்பது, அங்கே வெயில் ஏது, சோறு சமைக்கிற வேலை இலைக்குத்தானே என்று பேச்சு அங்கிருந்து போகும்.

அடுத்த நாள் குளத்திலிருந்து ஹைட்ரில்லா. பசங்களே பிடுங்கி வருவார்கள். இளம் இலை ஒன்றை அப்படியே முழுதாக வைத்தால் போதும், சாயம் எதுவும் வேண்டாம். கொஞ்ச நேரம் விளக்கு வெளிச்சத்தில் வைத்துவிட்டுப் பார்த்தால், செல்லுக்குள் பச்சை மணிகள் சுவர் ஓரமாகவே வரிசையாகச் சுற்றி வரும், கோயில் பிராகாரத்தில் சனம் சுற்றுகிற மாதிரி. இலைக்குப் பச்சை நிறம் கொடுக்கிற பசுங்கணிகங்கள்தான், செல்லுக்குள் நிறைந்திருக்கிற கூழான சைட்டோபிளாசம் அவற்றை இழுத்துக்கொண்டு ஓடுகிறது. வகுப்பில் அதிகம் பேசாத ஒரு பிள்ளை அதைப் பார்த்துவிட்டுக் கண்ணை எடுக்காமல், "ஓடுது டீச்சர்... உசுரோட இருக்கு" என்றது. "செல் என்பது உயிரின் அடிப்படை அலகு" என்று அதுவரை பத்துத் தடவை படித்திருக்கும்.

உயிர் என்றால் என்ன என்ற கேள்வியை நான் நெல்லை வைத்துத்தான் ஆரம்பிக்கிறேன். எங்களது காவிரிப் படுகை, வீட்டுக்கு வீடு நெல் இருக்கும். மூன்று ஈரத் துணி, ஒன்றில் விதைநெல், ஒன்றில் அவித்துக் காயவைத்த நெல், ஒன்றில் பச்சரிசி. மூன்றாம் நாள் விதைநெல்லில் வெள்ளையாக முளை குத்திக்கொண்டு நிற்கும், மற்ற இரண்டும் ஊறி நாறும். அவித்தது செத்துப்போச்சு என்று எல்லாரும் சொல்லிவிடுவார்கள். பச்சரிசி ஏன் முளைக்கவில்லை, அதை யாரும் அவிக்கவில்லையே? ஒரு அரிசியைக் கையில் கொடுத்து நுனியைப் பார்க்கச் சொன்னால், ஒரு ஓரத்தில் சின்னதாகக் கடித்தெடுத்த மாதிரி பள்ளம் இருக்கும். கரு உட்கார்ந்திருந்த இடம் அது, மில்லில் தீட்டும்போது போய்விட்டது. நாம் தினம் சாப்பிடுவது அந்தக் கருவுக்காகச் செடி கட்டிக்கொடுத்த கட்டுச்சோறு. தினமும் தட்டில் பார்க்கிற சோற்றில் அந்தப் பள்ளத்தைக் கவனித்ததே இல்லை என்று பிள்ளைகள் ஆச்சரியப்படுவார்கள். அப்புறம் குதிரில் ஆறு மாதம் சும்மா கிடந்த விதைநெல் உயிருள்ளதா இல்லையா என்று சண்டை நடக்கும். மூச்சு விடுகிறது, ரொம்ப ரொம்ப மெதுவாக.

இதெல்லாம் ஆன பிறகுதான் மரபியல். பத்தாம் வகுப்பில்தான் விரிவாக வருகிறது, ஆனால் பிள்ளைகள் அதுவரை காத்திருக்க மாட்டார்கள், கேள்வி ஏழாம் வகுப்பிலேயே வந்துவிடும். நான் எடுப்பது பூவா தலையா. இரண்டு பேருக்கு இரண்டு காசு, ஒன்று அம்மா, ஒன்று அப்பா. சேர்த்துச் சுண்ட வேண்டும். ஒரு தலையாவது விழுந்தால் உருண்டைப் பட்டாணி, இரண்டும் பூ என்றால் சுருங்கின பட்டாணி. 16 ஜோடி, ஜோடிக்கு 20 தடவை. ஒரு ஜோடிக்கு இருபதில் 9 சுருங்கினது வரும், இன்னொன்றுக்கு 2தான் வரும், "எங்களது தப்பா டீச்சர்?" என்று முழிப்பார்கள். எல்லாவற்றையும் கூட்டினால் 320க்கு 83 வந்தது, கிட்டத்தட்ட கால்வாசி. அதற்குப் பிறகு, பட்டாணிச் செடிகளை வளர்த்து மரபியலுக்கு அடிப்படை போட்ட மெண்டலின் கணக்கைப் பலகையில் எழுதினேன்: உருண்டை 5474, சுருங்கினது 1850. பெயரையும் விதியையும் முதலில் சொல்லியிருந்தால் அந்த எண்ணை யாரும் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். இப்போது ஒருத்தி நோட்டில் வகுத்துப் பார்த்துவிட்டு, "2.96 டீச்சர், நம்மள மாதிரியே சரியா மூணு வரல" என்றாள். 1856இலிருந்து எட்டு வருஷம், சுமார் 28,000 செடிகள், ஒரு மடத்துத் தோட்டத்தில் உட்கார்ந்து எண்ணினார் மனிதர். 1866இல் அச்சிட்டார், கண்டுகொள்ள ஆளில்லை, 1884இல் இறந்துபோனார், 1900இல்தான் உலகம் திரும்பிப் பார்த்தது. இதைச் சொல்லும்போது எனக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும்.

ஓங்கு, ஒடுங்கு (இரண்டு பேரிடமிருந்தும் வந்தால்தான் வெளியே தெரிவது) என்ற சொற்களில் கவனமாக இருக்க வேண்டும். ஓங்கு என்றால் உசத்தி, ஒடுங்கு என்றால் மட்டம் என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்கிறார்கள். சுருங்கின பட்டாணியில் நடப்பது இவ்வளவுதான்: சர்க்கரையை மாவாக மாற்ற உதவுகிற ஒரு நொதி சரியாக வேலை செய்யவில்லை, சர்க்கரை மிஞ்சுகிறது, அது தண்ணீரை இழுத்து வைக்கிறது, காயும்போது தோல் தொய்ந்து சுருங்குகிறது. பச்சையாகத் தின்றால் அதுதான் இனிப்பு.

அதே காசை வைத்து, பிள்ளை பெண்ணா பையனா என்பதைத் தீர்மானிக்கிற எக்ஸ், ஒய் குரோமோசோம்களை (செல்லுக்குள் மரபணுக்களைச் சுமக்கிற இழைகள்) காட்ட இன்னொன்றும் செய்வேன். அம்மா காசின் இரண்டு பக்கமும் எக்ஸ் என்று காகிதம் ஒட்டுவது, அப்பா காசில் ஒரு பக்கம் எக்ஸ், ஒரு பக்கம் ஒய். அம்மா காசை எத்தனை தடவை சுண்டினாலும் எக்ஸ்தான். பெண்ணா பையனா என்பது அப்பா காசில் விழுகிறது, அவரும் வேண்டுமென்று போடுவதில்லை. நெட்டி ஸ்டீவன்ஸ் என்ற பெண்மணி 1905இல் மாவுப் புழுவின் செல்களைப் பார்த்து, ஆணிடம் மட்டும் ஒரு சின்ன குரோமோசோம் இருப்பதைக் கண்டுபிடித்தார் என்றும் சொல்வேன். போன வருஷம் ஒரு மாணவி வகுப்பு முடிந்ததும் அந்த இரண்டு காசையும் கேட்டாள். வீட்டில் அவளோடு சேர்த்து மூன்று பெண்கள். "எங்க அப்பாயிகிட்ட காட்டணும்" என்றாள். கொடுத்தேன். அவள் திருப்பித் தரவில்லை, நானும் கேட்கவில்லை.

கடைசியாக அந்திமந்தாரை. 1900இல் மெண்டலை மீட்டெடுத்த மூன்று பேரில் ஒருவரான கார்ல் கோரென்ஸ் இந்தச் செடியை வைத்துத்தான் சிவப்பும் வெள்ளையும் சேர்ந்தால் ரோஸ் வருவதைக் காட்டினார். எங்கள் ஊரில் பாதி வாசலில் இருக்கிறது. சாயங்காலம் நான்கு மணிக்கு மேல் பூக்கும், பள்ளி விடுகிற நேரமும் அதுதான், எனவே விருப்பப்பட்டவர்கள் மட்டும் இருக்கலாம் என்றேன். வெள்ளைச் செடியின் மொட்டை மத்தியானமே பிரித்து மகரந்தத் தாள்களை எடுத்துவிட வேண்டும், சாயங்காலம் சிவப்புப் பூவின் மகரந்தத்தைத் தடவி, சின்னக் காகிதக் குல்லா போட வேண்டும். ஒரு பூவுக்கு ஒரே விதை, மிளகு மாதிரி. 14 பூவில் செய்தோம், 6 விதை பிடித்தது, 5 முளைத்தது. இரண்டு மாதம் கழித்து நான்கு செடி ரோஸில் பூத்தது. ஐந்தாவது சுத்த வெள்ளை.

நான் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, அன்றைக்கு மொட்டுப் பிரித்த பையன் செடி பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ரொம்ப நேரம் பார்த்தான். "இது என் வேலைதான் டீச்சர். ஒரு தாளை விட்டுட்டேன் போல. அம்மா செடி தானாவே காய்ச்சிருக்கு" என்றான். "எப்படிச் சரிபார்க்கலாம்?" என்றேன். "இதோட விதையை வச்சுப் பார்ப்போம். ரோஸ் எதுவுமே வரலைன்னா நான் சொன்னது சரி." அந்த விதைகளைத் தீப்பெட்டியில் போட்டு, தேதி எழுதி, அலமாரியில் வைத்திருக்கிறோம். இந்த மழை விட்டதும் ஊன்ற வேண்டும்.