தொட்டிக்குக் கொடியா, செடியா?

பீன்ஸ் விதை வாங்கும்போது உறையின் முன்பக்கப் படத்தை நான் பார்ப்பதே இல்லை. திருப்பிப் பின்பக்கத்தில் ஒரு தகவலைத் தேடுவேன்: இது செடியா, கொடியா? அது போட்டிருக்காவிட்டால் அந்த உறை எனக்கு வேண்டாம். காயின் நிறம், நீளம், ருசி எல்லாம் அப்புறம். நிலத்தில் விதைப்பவருக்கு இது பெரிய விஷயமில்லை. வேர் தனக்கு வேண்டிய தூரம் போய்க்கொள்ளும், கொடி பக்கத்து வேலியில் ஏறிக்கொள்ளும். தொட்டியில் வேருக்கான மண்ணும் கொடிக்கான உயரமும் நாம் அளந்து கொடுப்பவை. அந்த அளவுக்குப் பொருந்தாத வகையை வைத்துவிட்டால், பிறகு எந்த உரமும் அதைச் சரிசெய்யாது.

பெயரை மட்டும் நம்பி வாங்குவதும் ஆகாது. 'ப்ளூ லேக்' என்ற பெயரில் கொடியும் உண்டு, குத்துச்செடியும் உண்டு. முதலில் இருந்தது கொடிதான், அதிலிருந்து பின்னால் குட்டை வகையை உருவாக்கினார்கள். காய் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் ஒன்று முழங்கால் உயரத்தில் நின்றுவிடும், மற்றது தலைக்கு மேலே போய் இன்னும் இடம் கேட்கும்.

செடி பீன்ஸ் 40 முதல் 60 சென்டிமீட்டர் உயரம் வளரும். 20 முதல் 25 சென்டிமீட்டர் ஆழமுள்ள தொட்டி போதும். அகலமான தொட்டியாக இருந்தால் இன்னும் நல்லது, செடிக்குச் செடி ஒரு சாண் இடைவெளி விட்டு மூன்று நான்கு வைக்கலாம். விதைத்து 50 முதல் 60 நாளில் காய் பறிக்க ஆரம்பிக்கலாம். ஆனால் ஒன்று தெரிந்திருக்க வேண்டும்: செடி வகை மொத்தமாகப் பூத்து மொத்தமாகக் காய்க்கும். இரண்டு மூன்று வாரம் நன்றாகத் தரும், பிறகு அடங்கிவிடும். அதனால் எல்லாத் தொட்டியிலும் ஒரே நாளில் விதைக்காமல், இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு தொட்டி என்று விதைத்துக்கொண்டே போக வேண்டும். முதன்முதலாக வளர்ப்பவருக்குக் 'கன்டெண்டர்' நல்ல தொடக்கம், சூட்டைக் கொஞ்சம் தாங்கும். மண் குளிர்ந்திருக்கும் காலத்தில் விதைப்பதானால் 'புரொவைடர்', அது குளிர்ந்த மண்ணிலும் முளைக்கும். 'ராயல் பர்கண்டி' ஊதா நிறக் காய். அழகுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. பச்சை இலைக்குள் பச்சைக் காய் ஒளிந்துகொள்ளும், ஊதாக் காய் கண்ணில் படும், ஒன்றையும் தவறவிடாமல் பறிக்கலாம். வேகவைத்தால் ஊதா மறைந்து பச்சையாகிவிடும், அந்த நிறமி சூட்டைத் தாங்காது.

கொடி பீன்ஸ் இரண்டு மீட்டரைச் சாதாரணமாகத் தாண்டும். 'கென்டக்கி ஒண்டர்' பழைய வகை, இன்றும் நம்பி வைக்கலாம். இதற்கு 30 சென்டிமீட்டர் ஆழமாவது வேண்டும், 20 லிட்டர் தொட்டியில் இரண்டு கொடிக்கு மேல் நான் விடமாட்டேன். காய்க்கத் தொடங்க ஒரு வாரம், பத்து நாள் கூடுதலாகப் பிடிக்கும். ஆனால் பறிக்கப் பறிக்கப் பூத்துக்கொண்டே இருக்கும். சதுர அடிக்கு எவ்வளவு காய் என்று கணக்குப் போட்டால் கொடிதான் ஜெயிக்கும், அது மேல்நோக்கிப் போவதால். எனக்குக் கொடிதான் பிடிக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் காற்று அடிக்கிற மாடியில், ஈரம் குடித்த தொட்டியின் கனம் போதாமல், உயரமான பந்தல் பாய்மரம்போல் காற்றைப் பிடித்துத் தொட்டியையே சாய்த்துவிடும். கம்பியைச் சுவரிலோ கைப்பிடியிலோ கட்ட வழியில்லை என்றால் செடி வகைதான் சரி.

அடுத்த கேள்வி வெப்பம். இதைப் பலரும் கேட்பதில்லை, பூ கொட்டும்போதுதான் கேட்கிறார்கள். நாம் பீன்ஸ் என்று சொல்வது மத்திய, தென் அமெரிக்க நாடுகளிலிருந்து வந்த பயிர். பகலில் 18 முதல் 27 டிகிரி வரை அதற்கு இதமான சூடு. 32 டிகிரி தாண்டினால் பூ உதிரும், இரவும் புழுக்கமாக இருந்தால் இன்னும் அதிகமாக உதிரும். என் அக்கா ஒருநாள் போனில், "செடி தளதளன்னு இருக்கு, பூ மட்டும் கொட்டுது, என்னடா போடறது?" என்றாள். "ராத்திரி எப்படிக்கா இருக்கு?" என்று கேட்டேன். "ஃபேன் இல்லாம படுக்க முடியல." அப்படியானால் அதற்குப் போட எதுவுமில்லை. அந்தக் காலத்தில் அந்தப் பயிர் காய்க்காது, அவ்வளவுதான்.

அக்காவின் மாடியில் காலை முதல் மாலை வரை வெயில். என் பால்கனி கிழக்கு பார்த்தது, உச்சிக்கு மேல் நிழல் விழுந்துவிடும். அதனால் நான் செடி பீன்ஸ் வைக்கிறேன், அவளிடம் காராமணிக்கு மாறச் சொன்னேன். முழநீளத்துக்குத் தொங்கும் அந்தப் பயற்றங்காய் வெயிலுக்கென்றே பிறந்தது. பீன்ஸ் திணறுகிற சூட்டில் அது உற்சாகமாகப் படரும். கொத்தவரையும் அப்படித்தான். படர்ந்து பரவாமல் நிமிர்ந்து நிற்பதால் குறுகிய இடத்துக்கும் ஒத்துவரும்.

அவரையில் மட்டும் கொஞ்சம் கவனம். கொடி அவரையின் பழைய நாட்டு வகைகள் பலவும் பகல் பொழுது குறையத் தொடங்கிய பிறகுதான் பூக்கும். தவறான மாதத்தில் விதைத்தால் கொடி மாதக்கணக்கில் இலையாகவே வளர்ந்து பந்தலை மூடும், ஒரு மொட்டும் வராது. பூக்கவில்லையே என்று உரத்தைக் கொட்டினால் இலை இன்னும் கூடும். செடி அவரையில் பொழுதைப் பற்றிக் கவலைப்படாமல் எப்போது விதைத்தாலும் பூக்கும் குட்டை வகைகள் இருக்கின்றன, தொட்டிக்கு நான் அவற்றையே சொல்வேன். சிறகவரையும் பெரும்பாலும் பொழுது குறைய வேண்டும் என்று காத்திருக்கும் இனம்தான். வாளவரை, தம்பட்டை அவரை எல்லாம் பெரிய கொடிகள், தொட்டிக்கு வேண்டாம்.

மண்கலவையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தோட்ட மண், தென்னை நார்க்கழிவு, மக்கிய தொழுவுரம் அல்லது மண்புழு உரம், தண்ணீர் தேங்காமல் இறங்க வேண்டும். தழைச்சத்தை அள்ளிப் போட வேண்டாம், இலை வரும், காய் வராது. பயறு இனச் செடிகளின் வேர்முடிச்சில் ரைசோபியம் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துக் கொடுக்கும் என்பது தெரிந்ததே. ஆனால் புதிய நார்க்கழிவுக் கலவையில் அந்த பாக்டீரியா இருக்க வாய்ப்பு குறைவு. முன்பு அதே பயிர் வளர்ந்த தொட்டியிலிருந்து ஒரு கைப்பிடி மண்ணைக் கலந்தால் போதும். ரைசோபியம் பொட்டலமாக வாங்குவதானால் எந்தப் பயிருக்கானது என்று பாருங்கள், காராமணிக்கு ஒத்துப்போகும் கூட்டமும் பீன்ஸுக்கு ஒத்துப்போகும் கூட்டமும் வேறு. பயிர் நன்றாக வளர்ந்துகொண்டிருக்கும்போது ஒரு செடியைப் பிடுங்கி, வேர்முடிச்சு ஒன்றை நகத்தால் கீறிப் பார்க்கலாம். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது. வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் நடக்கவில்லை. பீன்ஸ் இந்த வேலையில் கொஞ்சம் சோம்பேறி, காராமணி அளவுக்குத் தானே சம்பாதித்துக்கொள்ளாது. அதனால் பீன்ஸுக்கு மண்புழு உரத்தை இடையில் ஒருமுறை கூடுதலாகக் கொடுப்பேன்.

விதையை நேரடியாகத் தொட்டியிலேயே போடுங்கள், நாற்று எடுத்து நட்டால் வேர் வருந்தும். இரண்டரை சென்டிமீட்டர் ஆழம். விதைத்ததும் ஒருமுறை நன்றாகத் தண்ணீர் விட்டு, பிறகு முளை தெரியும்வரை மண் காயாமல் பார்த்துக்கொண்டால் போதும். தினமும் ஊற்றினால் விதை அழுகும். முளைப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும், அவ்வளவு அழகு. முதலில் மண்ணில் ஒரு வெடிப்பு. அப்புறம் குனிந்த கழுத்து மட்டும் வெளியே வரும், கொக்கி மாதிரி. தலை, அதாவது இரண்டு பருப்பும், இன்னும் மண்ணுக்குள் இருக்கும். அந்தக் கழுத்து நிமிரும்போதுதான் பருப்பை மேலே இழுத்துக்கொண்டு வரும். மேல்மண் இறுகி ஓடாகியிருந்தால் கழுத்து அங்கேயே முறியும். அதனால் விதைக்கு மேலே நான் களிமண் போடுவதில்லை, சலித்த உரமும் நார்க்கழிவும்தான். செம்பூப் பூக்கும் 'ஸ்கார்லெட் எம்பெரர்' போன்ற ரன்னர் பீன்ஸ் மட்டும் பருப்பை மண்ணுக்குள்ளேயே வைத்துவிட்டுத் தண்டை மேலே அனுப்பும். பருப்பு வெளியே வரவில்லையே என்று அதைத் தோண்டிப் பார்க்காதீர்கள். குளிர்ச்சியான இடமும் பூவுக்கு வந்து போகத் தேனீயும் இருந்தால் மட்டும் அந்த வகையைத் தேர்ந்தெடுங்கள்.

கொடி ஏற என்ன கொடுப்பது? பீன்ஸுக்குப் பட்டாணி போலப் பற்றுக்கம்பி கிடையாது. தண்டே சுற்றிக்கொண்டு ஏறும். ஆகவே குறுக்கே ஓடும் வலைக் கட்டங்களைவிட, நேராக மேலே போகும் கயிறோ மெல்லிய குச்சியோ அதற்கு ஏற்றது. விரல் பருமன் நல்லது, வழவழப்பான தடித்த பைப்பில் வழுக்கும். இளம் நுனி பற்றுவதற்கு இடம் தேடிக் காற்றில் வட்டமடிக்கும். இதமான வெயில் நாளில் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2 மணி நேரம். காலையில் நுனி எந்தப் பக்கம் பார்க்கிறது என்று குறித்து வைத்துவிட்டு மறுபடி வந்து பாருங்கள், இடம் மாறியிருக்கும். மேலிருந்து பார்த்தால் எப்போதும் கடிகார முள்ளுக்கு எதிர்த் திசை. நாம் கொடியைக் கயிற்றில் சுற்றிவிடும்போதும் அதே திசையில் சுற்ற வேண்டும். மாற்றிச் சுற்றினால் பிரிந்துகொண்டு தன் வழிக்கே போகும்.

உச்சி வெயிலில் இலைகள் மடங்கி, விளிம்பைச் சூரியனுக்குக் காட்டிக்கொண்டு நிற்கும். உடனே வாளியைத் தூக்க வேண்டாம். சூட்டிலிருந்து தப்பிக்கச் செடி இலையைத் திருப்பிக்கொள்கிறது. விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள், உள்ளே ஈரம் இருந்தால் விட்டுவிடலாம். சாயங்காலமும் இலை துவண்டே இருந்தால்தான் தாகம். பூக்கும் சமயத்தில் மட்டும் மண்ணைக் காயவிடக் கூடாது. தண்ணீரை வேரில் ஊற்றுங்கள், இலையில் வேண்டாம். இலை நனைந்திருக்கும்போது பறிப்பதும் வேண்டாம், துரு நோய் போன்றவை ஈரக் கையோடு செடிக்குச் செடி போகும். கறுப்பு நிறத் தொட்டி வெயிலில் நேரடியாக இருந்தால் வேர் வெந்துவிடும். அதன் முன்னால் வேறு தொட்டிகளை வைத்து மறைத்துவிடுவது எளிய வழி.

பூச்சிகளில் அசுவினிதான் முக்கியம், அவரையிலும் காராமணியிலும் நுனிக் கொழுந்தில் கறுப்பாக அப்பிக்கொள்ளும். முதல் கூட்டத்தைக் கண்டதும் விரலால் வழித்துவிட்டுத் தண்ணீரைப் பீய்ச்சினாலே பாதி வேலை முடிந்தது, மீதிக்கு வேப்ப எண்ணெய்க் கரைசல். எறும்பைக் கண்டதுமே அசுவினி வந்துவிட்டது என்று பயப்பட வேண்டாம். காராமணியின் பூக்காம்பில் பூவுக்கு வெளியிலேயே தேன் சுரக்கும், அதற்காகவும் எறும்பு வரும். கொழுந்தைத் திருப்பிப் பாருங்கள், அசுவினி இல்லை என்றால் விட்டுவிடுங்கள்.

பறிப்பதில் சுணங்கக் கூடாது. உள்ளே விதை புடைத்துக்கொண்டு தெரிந்தால், வந்த வேலை முடிந்தது என்று செடி பூப்பதை நிறுத்த ஆரம்பிக்கும். இரண்டு நாளைக்கு ஒருமுறை, மடக்கினால் 'டப்' என்று ஒடிகிற பதத்தில் பறித்துவிட வேண்டும். காராமணியிலும் அவரையிலும் காயை மட்டும் கிள்ளுங்கள், காம்போடு பிய்க்காதீர்கள். அதே காம்பின் நுனியில் அடுத்த மொட்டுகள் காத்திருக்கும்.

ஒரு வகை உங்கள் இடத்துக்குப் பொருந்திவிட்டது என்று தெரிந்தால், விதையை நீங்களே எடுத்துக்கொள்ளலாம். பீன்ஸ் பூ விரிவதற்கு முன்பே தனக்குள் மகரந்தச் சேர்க்கையை முடித்துக்கொள்வதால், பக்கத்துத் தொட்டியில் வேறு வகை இருந்தாலும் அநேகமாகக் கலக்காது. ரன்னர் பீன்ஸ் அப்படியில்லை, தேனீ கலந்துவிடும். முதலில் காய்த்த நல்ல செடியில் சில காய்களை விட்டுவைத்து, ஓடு காய்ந்து குலுக்கினால் சத்தம் வரும்வரை கொடியிலேயே விடுங்கள். உரித்து நிழலில் நன்றாக உலர்த்தி, இறுக்கமான டப்பாவில் போட்டுச் சில நாள் ஃப்ரீஸரில் வைத்து எடுத்தால் உள்ளே வண்டு முட்டை இருந்தாலும் செத்துவிடும். முற்ற உலராத விதையை ஃப்ரீஸரில் வைத்தால் முளைப்பு போய்விடும், ஆகவே அவசரம் வேண்டாம். இலையில் தேமல் கண்ட செடியிலிருந்து விதையே எடுக்காதீர்கள், அது எவ்வளவு காய்த்திருந்தாலும் சரி. தேமல் வைரஸ் விதை வழியாகவே அடுத்த பயிருக்கு வந்து சேரும்.