முட்டை ஓடு வழியாகப் போய்வரும் காற்று

முட்டையை வேகவைக்கும்போது தண்ணீர் சூடேற ஆரம்பித்ததும் ஓட்டிலிருந்து, குறிப்பாக அதன் மழுங்கிய பக்கத்திலிருந்து, சின்னச் சின்னக் குமிழ்கள் வரிசையாகக் கிளம்புவதைப் பார்த்திருப்பீர்கள். விரிசல் எதுவும் விழவில்லை. உள்ளே இருக்கும் காற்று சூட்டில் விரிந்து, ஓட்டில் ஏற்கெனவே இருக்கிற துளைகள் வழியாக வெளியேறுகிறது, அவ்வளவுதான். 1863-இல் ஜான் டேவி என்பவர் ஒரு முட்டையைத் தண்ணீருக்குள் மூழ்கவைத்து, தண்ணீருக்கு மேலே இருந்த காற்றைப் பம்பு வைத்து உறிஞ்சினார். ஓட்டின் மேல் குமிழ்கள் முளைத்தன. ஒரு கோழிமுட்டையில் இப்படிச் சுமார் 10,000 நுண்துளைகள் உண்டு.

ஓட்டின் எடையில் ஏறத்தாழ 95 சதவீதம் கால்சியம் கார்பனேட். சுண்ணாம்புக்கல்லும் பளிங்கும் இதே சரக்குதான். ஓடு என்றாலே எல்லாரும் கால்சியத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள், ஆனால் எடைக்கணக்கில் அதில் 60 சதவீதம் கார்பனேட், அது எங்கிருந்து வந்தது என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. கோழி மூச்சில் வெளியே விட்டிருக்க வேண்டிய கார்பன் டை ஆக்சைடுதான் அது! முட்டை கருப்பையில் சுமார் 20 மணி நேரம் தங்கி ஓடு கட்டுகிறது. அந்த நேரத்தில் கோழியின் செல்கள் கழிக்கும் கார்பன் டை ஆக்சைடு தண்ணீரோடு சேர்ந்து பைகார்பனேட்டாகி, பிறகு கார்பனேட்டாகி, கால்சியத்தோடு படிகமாகிறது. இந்த வேலையை முடுக்கிவிடுவது கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்ற நொதி.

வெயில் காலத்தில் ஓடு மெலிந்துபோவதற்கும் இதில்தான் ஒரு காரணம் இருக்கிறது. கோழிக்கு வியர்க்காது, அது வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் உடம்பைத் தணிக்கும், அப்படி இரைக்க இரைக்க இரத்தத்திலிருந்து கார்பன் டை ஆக்சைடு போய்க்கொண்டே இருக்கும், ஓடு கட்ட மூலப்பொருள் குறைந்துவிடும். கோழிக்குக் கார்பன் டை ஆக்சைடு கரைந்த சோடா நீரைக் குடிக்கக் கொடுத்து ஓட்டைத் தடிமனாக்கப் பார்த்திருக்கிறார்கள். வேடிக்கையாகத் தோன்றினாலும் வேதியியல்படி சரியான யோசனை.

முட்டையிட்டவுடன் ஆட்டம் திரும்புகிறது. வெள்ளைக்கருவில் கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடு துளைகள் வழியே வெளியே கசிய ஆரம்பிக்கிறது. புது முட்டையின் வெள்ளைக்கரு கொஞ்சம் மங்கலாக இருப்பது அந்த வாயுவால்தான். அது போகப் போக வெள்ளைக்கரு தெளிந்து, அதன் பிஎச், அதாவது அமில-கார அளவு, 7.6-லிருந்து காரப்பக்கமாக ஏறி 9-ஐத் தாண்டுகிறது. புது முட்டையை அவித்தால் தோல் உரிக்க வராமல் பிய்ந்து தொல்லை கொடுப்பதும் சில நாள் பழசான முட்டை அழகாக உரிவதும் இந்த மாற்றத்தால்தான். கூடவே தண்ணீரும் ஆவியாகி வெளியேற, மழுங்கிய பக்கத்துக் காற்றறை பெரிதாகும், அதனால்தான் பழைய முட்டை தண்ணீரில் மிதக்கிறது.

சரி, உள்ளே கரு வளர்ந்தால்? எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த இடம் இதுதான். 60 கிராம் முட்டை ஒன்று 21 நாளில் சுமார் 6 லிட்டர் ஆக்சிஜனை உள்ளே எடுத்து 4.5 லிட்டர் கார்பன் டை ஆக்சைடை வெளியே விடுகிறது. உறிஞ்ச நுரையீரல் இல்லை, தள்ள பம்பு இல்லை. செறிவு அதிகமான இடத்திலிருந்து குறைவான இடத்துக்கு வாயு தானாகப் பரவுகிறது. துளைகள் கூடுவதும் இல்லை. முதல் நாள் கருவுக்கு ஆக்சிஜன் தேவையே அற்பம், கடைசி நாட்களில் ஏகப்பட்டது, ஆனால் இரண்டுக்கும் அதே துளைகள்! எப்படிச் சமாளிக்கிறது என்றால், கரு அதிகமாகச் செலவழிக்கச் செலவழிக்க உள்ளே ஆக்சிஜன் குறைகிறது, வெளியிலுள்ள காற்றோடு வித்தியாசம் கூடுகிறது, அந்த வித்தியாசமே இன்னும் வேகமாக உள்ளே இழுக்கிறது. குஞ்சு பொரிக்கும் தறுவாயில் காற்றறையில் ஆக்சிஜனின் அழுத்தம் சுமார் 100 மில்லிமீட்டர் பாதரசம், கார்பன் டை ஆக்சைடு சுமார் 40. நம் நுரையீரலின் காற்றுப்பைகளிலும் கிட்டத்தட்ட இதே எண்கள்தான்.

எடையை வைத்துப் பார்த்தால், உள்ளே போன ஆக்சிஜனும் வெளியே வந்த கார்பன் டை ஆக்சைடும் ஏறக்குறைய சரிசமம், ஆளுக்கு எட்டரை கிராம் சொச்சம். அப்படியென்றால் அடைகாக்கும்போது முட்டை இழக்கும் எடை, சுமார் 9 கிராம், முழுக்க முழுக்கத் தண்ணீர். இது நஷ்டம் மாதிரித் தெரியும், ஆனால் தேவையானது: கரு மஞ்சள் கருவின் கொழுப்பை எரிக்கும்போது புதிதாகத் தண்ணீர் உண்டாகிறது, அதற்கு ஈடாகக் கொஞ்சம் வெளியேறியாக வேண்டும். இன்குபேட்டரில் ஈரப்பதம் அதிகமாகிவிட்டால் காற்றறை போதிய அளவு விரியாமல் குஞ்சு உள்ளேயே திணறும், குறைந்துவிட்டால் காய்ந்துபோகும்.

உயரமான மலைகளில் கூடுகட்டும் பறவைகளின் முட்டையில் துளைகள் அதிகம் இருக்கும் என்றுதானே நினைப்போம், அங்கே ஆக்சிஜன் குறைவு ஆயிற்றே? ஆனால் காற்றழுத்தம் குறைந்தால் வாயுக்கள் வேகமாகப் பரவும், நீராவியும் அப்படித்தான், முட்டை சீக்கிரம் வறண்டுவிடும். அதனால் அங்கே துளைகளின் மொத்தப் பரப்பைக் குறைத்துக்கொள்கிற பறவைகள் உண்டு. ஆக்சிஜனைவிடத் தண்ணீரைக் காப்பாற்றுவது முக்கியமாகிவிடுகிறது.

இத்தனைக்கும் நடுவில் கரு ஓட்டின் உட்பக்கத்தை அரித்துத் தன் எலும்புக்கான கால்சியத்தில் பெரும்பகுதியை எடுத்துக்கொள்கிறது. அமிலம் சுரந்து ஓட்டைக் கரைக்கும் அந்த வேலையிலும் கார்பானிக் அன்ஹைட்ரேஸ்தான், தாயிடம் ஓட்டைக் கட்டிய அதே வகை நொதி.

அப்புறம் எண்ணெய். ஓட்டின் மேல் எண்ணெய் பூசினால் துளைகள் அடைபட்டு வாயுவும் தண்ணீரும் வெளியேறாது, சாப்பிடுகிற முட்டை கூடுதல் நாள் கெடாமல் இருக்கும். அதே பூச்சை அடைமுட்டைக்குப் போட்டால் கூமுட்டைதான். வட அமெரிக்காவில் வாத்துகள் பெருகித் தொல்லையாகும் இடங்களில் கூட்டிலிருக்கும் முட்டைகளுக்குச் சோள எண்ணெய் தடவிவிட்டுப் போகிறார்கள்.