டேப்பை மூடும் முன் மீட்கத் தெரிந்துகொள்ளுங்கள்

பிரவுசரில் ஐம்பது, அறுபது டேப் திறந்து கிடக்கிறதென்றால் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: மூடினால் திரும்பக் கிடைக்காதோ என்ற பயம். அந்தப் பயம் போகாமல் 'குரூப் போடுங்க, பின் பண்ணுங்க' என்று எத்தனை யோசனை சொன்னாலும் ஒரு வாரத்தில் பழைய கதைதான். அதனால் இங்கே வரிசையைத் தலைகீழாக்கியிருக்கிறேன். முதலில் மீட்பது, அடுத்து மூடுவது, அடுக்குவது கடைசியில்.

மூடிய டேப்பைத் திரும்பத் திறக்கும் கண்ட்ரோல்+ஷிஃப்ட்+டி (T) எல்லோருக்கும் தெரிந்த சாவிதான் (மேக்கில் கண்ட்ரோலுக்குப் பதில் கமாண்ட்). ஆனால் அதைத் திரும்பத் திரும்ப அழுத்தினால் மூடிய டேப்கள் ஒவ்வொன்றாகப் பின்னோக்கி வரும் என்பதும், ஒவ்வொரு டேப்பும் தன் 'பேக்' வரலாற்றோடு திரும்பும் என்பதும் பலருக்குத் தெரியாது. குரோமில் முழு விண்டோவையே மூடியிருந்தாலும் இதே சாவி அதை அப்படியே கொண்டுவரும். ஃபயர்பாக்ஸில் மூடிய விண்டோவுக்கென்றே கண்ட்ரோல்+ஷிஃப்ட்+என் இருக்கிறது. குரோமில் இதே சாவி இன்காக்னிட்டோவை (பிரைவேட் விண்டோவை) திறக்கும் என்பதால் இரண்டையும் மாறி மாறிப் பயன்படுத்துபவர்கள் குழம்புவது சகஜம்.

அடுத்து, தொடக்க செட்டிங். குரோமில் 'ஆன் ஸ்டார்ட்அப்' பகுதியில் 'கன்டின்யூ வேர் யூ லெஃப்ட் ஆஃப்'. ஃபயர்பாக்ஸில் 'ஜெனரல்' பகுதியில் 'ஓப்பன் ப்ரீவியஸ் விண்டோஸ் அண்ட் டேப்ஸ்'. இதைப் போட்ட பிறகும் 'எல்லாம் போச்சு' என்பவர்கள் உண்டு. வழக்கமான காரணம் இது: முப்பது டேப் உள்ள பெரிய விண்டோவை முதலில் மூடுவார்கள். எங்கோ பின்னால் ஒரு டேப்போடு ஒளிந்திருக்கும் குட்டி விண்டோவைக் கடைசியில் மூடுவார்கள். மறுநாள் அந்தக் குட்டி மட்டும்தான் வரும், ஏனென்றால் பிரவுசர் கணக்கில் கடைசியாக இருந்தது அதுதான். அப்போது பதறாமல் ஹிஸ்டரி மெனுவில் சமீபத்தில் மூடியவற்றைப் பாருங்கள், பெரிய விண்டோ அங்கே இருக்கும். இனிமேல் எக்ஸ் குறியை அழுத்தாமல், மெனுவின் அடியில் உள்ள 'எக்ஸிட்' வழியாக வெளியேறினால் எல்லா விண்டோவும் ஒன்றாகப் பதிவாகும். ஃபயர்பாக்ஸில் மூடும்போது ஹிஸ்டரியை அழிக்கச் சொல்லி வைத்திருந்தால் பழைய டேப்கள் திரும்பாது. பிரைவேட் விண்டோவை மூடிவிட்டால் அதில் இருந்தவை குரோமிலும் ஃபயர்பாக்ஸிலும் திரும்பாது.

ஃபயர்பாக்ஸில் இன்னொரு கதவும் இருக்கிறது. திறந்திருக்கும் டேப்களை அது சுமார் 15 நொடிக்கு ஒருமுறை கோப்பில் எழுதிக்கொண்டே இருக்கும், கரண்ட் போனாலும் பெரிதாக எதுவும் போகாது. ஹெல்ப் மெனுவில் 'மோர் ட்ரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன்' போய் ப்ரொஃபைல் ஃபோல்டரை (ஃபயர்பாக்ஸ் உங்கள் விவரங்களை வைத்திருக்கும் இடம்) திறந்தால் 'செஷன்ஸ்டோர்-பேக்கப்ஸ்' என்ற ஃபோல்டர் தெரியும். உள்ளே 'ரிக்கவரி' என்று தொடங்குவது இப்போதைய நிலை, 'ப்ரீவியஸ்' என்பது அதற்கு முந்தைய அமர்வு. டேப்கள் காணாமல் போனது தெரிந்தவுடன், வேறு எதையும் தொடாமல் அந்த ஃபோல்டரை முழுசாக டெஸ்க்டாப்பில் காப்பி எடுத்துவிடுங்கள். 'வருதா பார்ப்போம்' என்று ஃபயர்பாக்ஸை நாலு தடவை மூடித் திறந்தால் 'ப்ரீவியஸ்' கோப்பின் மேலேயே புதிது எழுதப்பட்டுவிடும். காப்பி கையில் வந்தபின் ஃபயர்பாக்ஸை மூடி, காப்பியிலுள்ள 'ப்ரீவியஸ்' கோப்பின் பெயரில் புள்ளிக்கு முன்னுள்ள பகுதியை 'செஷன்ஸ்டோர்' (sessionstore) என்று மாற்றி, ப்ரொஃபைல் ஃபோல்டரில் அதே பெயரில் இருக்கும் கோப்புக்குப் பதிலாக வையுங்கள். திறந்தால் பழைய டேப்கள் வரும்.

இனி மூடலாம். எதை என்பதில்தான் தப்புக்கணக்கு. பிரவுசரை மூடித் திறந்த பிறகு ஃபயர்பாக்ஸில் நீங்கள் கிளிக் செய்யாத டேப் வெறும் தலைப்புதான், பக்கம் லோடே ஆகியிருக்காது. அப்படித் தூங்கும் நூறு டேப்பை மூடினாலும் ராம் பெரிதாக மிச்சமாகாது. குரோமில் ஷிஃப்ட்+எஸ்கேப் அழுத்தி, வரும் டாஸ்க் மேனேஜரை மெமரி அளவுப்படி வரிசைப்படுத்திப் பாருங்கள். மெயில், வாட்ஸ்அப் வெப், பெரிய ஸ்ப்ரெட்ஷீட் என்று நாலைந்து பேர்தான் மேலே உட்கார்ந்திருப்பார்கள். குரோமின் 'மெமரி சேவர்' பார்க்காத டேப்களைத் தானாகத் தூங்க வைக்கும். தூங்கக் கூடாத தளங்களை அதே செட்டிங்கில் சேர்த்துவிடலாம். ஃபயர்பாக்ஸ் 140-லிருந்து டேப்பின் மேல் ரைட் கிளிக் செய்தால் 'அன்லோட் டேப்' உண்டு. வங்கி, முன்பதிவு மாதிரியான தளங்களைத் தூங்கவிட்டுத் திரும்பினால் லாகின் பக்கம்தான் நிற்கும். அவற்றைத் திறந்து வைத்திருப்பதில் பயனே இல்லை, வேலை முடிந்ததும் மூடிவிடுங்கள்.

தேடவும் ஒரு வழி வேண்டுமே. குரோமில் கண்ட்ரோல்+ஷிஃப்ட்+ஏ அழுத்தினால் திறந்தவை, சமீபத்தில் மூடியவை இரண்டும் வரும். ஃபயர்பாக்ஸில் முகவரிப் பட்டையில் சதவீதக் குறி போட்டு, இடம் விட்டு, தலைப்பில் ஒரு சொல்லை அடித்தால் போதும்.

அடுக்குவதற்கு டேப் குரூப் குரோமில் 2020-லும் ஃபயர்பாக்ஸில் 2025-லும் வந்தது. (ஃபயர்பாக்ஸ் முன்பே பனோரமா என்று ஒரு குரூப் வசதி வைத்திருந்து, 2016-ல் தூக்கிவிட்டது.) என் கணக்கில் குரூப்பைவிட வேலைக்கு ஒரு விண்டோ என்பதே மேல். முதல் டேப்பைக் கிளிக் செய்து, ஷிஃப்டைப் பிடித்தபடி கடைசி டேப்பைக் கிளிக் செய்து, மொத்தமாக வெளியே இழுத்தால் தனி விண்டோ ஆகிவிடும். வேலை நின்றுபோனால் கண்ட்ரோல்+ஷிஃப்ட்+D (T அல்ல, ஆங்கில நான்காம் எழுத்து) அழுத்துங்கள்: அது அந்த விண்டோவின் எல்லா டேப்பையும் ஒரே புக்மார்க் ஃபோல்டரில் போடும். வேலையின் பெயரும் மாதமும் கொடுத்து மூடிவிடலாம்.

பிரவுசரில் நாமே கூடுதலாகச் சேர்க்கும் எக்ஸ்டென்ஷனை நம்புவதில் கவனம் வேண்டும். டேப்களைத் தூங்க வைத்த 'தி கிரேட் சஸ்பெண்டர்' 2020-ல் கைமாறியது. 2021 பிப்ரவரியில் மால்வேர் என்று கூகுள் அதை நீக்கியது. தூங்கிக்கொண்டிருந்த டேப்களெல்லாம் அந்த எக்ஸ்டென்ஷனின் சொந்தப் பக்கங்கள் என்பதால் அவையும் கூடவே போயின. ஹிஸ்டரியில் இருந்த நீண்ட முகவரியின் வாலில் அசல் முகவரி ஒட்டியிருந்தது. அதைத் தெரிந்தவர்கள் ஒவ்வொன்றாக வெட்டி எடுத்து மீட்டார்கள். டேப்களை மூடி ஒரே பட்டியலாக வைக்கும் 'ஒன்டேப்' எக்ஸ்டென்ஷனைப் பயன்படுத்துபவர்கள் அதன் எக்ஸ்போர்ட் பக்கத்திலிருந்து பட்டியலை எடுத்து அவ்வப்போது ஒரு டெக்ஸ்ட் கோப்பில் போட்டுவையுங்கள். எக்ஸ்டென்ஷனை நீக்கினால் பட்டியலும் போய்விடும்.

போனில் விஷயம் சின்னது. ஆண்ட்ராய்டு குரோமில் நூறைத் தொட்டால் எண்ணுக்குப் பதில் ஒரு சிரிப்புக் குறி வரும். மூடியவை 'ரீசன்ட் டேப்ஸ்' மெனுவில் கிடைக்கும். ஐபோன் சஃபாரியில் 'க்ளோஸ் டேப்ஸ்' செட்டிங்கை ஒரு மாதம் என்று வைத்துவிடலாம். மூடியது வேண்டுமென்றால் டேப் பட்டியலில் கூட்டல் குறியை அழுத்திப் பிடியுங்கள்.