கறுப்புச் சட்டையும் மின்சார மேளமும்

இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் வாடகை வீட்டுக்குப் பால் காய்ச்சிய அன்று, பக்கத்து வீட்டுக்காரர் வாழ்த்துச் சொல்ல வந்தார். அறுபதைத் தாண்டிய வயது. தலை முதல் கால் வரை கறுப்பு. கண்ணில் மை வேறு. கைபேசித் திரையில் பார்த்துக்கொண்டிருந்த அம்மா, "நல்ல நாளும் அதுவுமாக இதென்ன கோலம்?" என்றார். பிறகு மனம் இரங்கி, "மாலை போட்டிருக்கிறாரா, கேளடா" என்றார்.

மாலை இல்லை. கறுப்பு உடையும் இருண்ட பாட்டுகளுமான கோத் ராக் இசையின் பழைய ரசிகர். 'சிஸ்டர்ஸ் ஆஃப் மெர்சி' குழு 1980-இல் இந்த ஊரில்தான் பிறந்ததாம். முதல் இசைத்தட்டில் டிரம்ஸ் வாசித்த ஆன்ட்ரூ எல்ட்ரிச், அந்த வேலையைத் தானாக டிரம்ஸ் ஒலி எழுப்பும் ஒரு மின்னணுப் பெட்டியிடம் விட்டுவிட்டுப் பாடப் போய்விட்டார். பெட்டிக்கு 'டாக்டர் அவலாஞ்ச்' என்று பட்டத்தோடு பெயர்! 1985-இல் முதல் ஆல்பம் வந்தது. அதே ஆண்டில் குழு உடைந்தது. பிரிந்த இருவர் 'தி மிஷன்' என்று தனிக்கடை போட்டார்கள். மொத்தம் மூன்றே ஆல்பங்கள், கடைசி 1990-இல். கச்சேரிகள் மட்டும் நிற்கவில்லை. ஆட்கள் மாறினார்கள், பெட்டிகளும் மாறின. டாக்டர் மட்டும் பதவியில் இருக்கிறார். கோத் என்று சொன்னால் எல்ட்ரிச்சுக்கே பிடிக்காது என்றபோது பக்கத்து வீட்டுக்காரர் கறுப்பு நகங்களால் வாயைப் பொத்திச் சிரித்தார்.

பாட்டைப் போட்டார். கிணற்றுக்குள்ளிருந்து வரும் குரல். அதன் அடியில் இம்மியும் பிசகாத அடி. எனக்கு எங்கள் ஊர்ப் பிள்ளையார் கோவில் மின்சார மேளம் நினைவுக்கு வந்துவிட்டது. மோட்டார் சுற்ற, மரக்கைகள் முரசையும் மணியையும் மாறி மாறி அடிக்கும். ஒரு கையின் முனையில் தோல் பிய்ந்து 'டம்' என்பது 'டக்' ஆகிவிட, பூசாரி பழைய வேட்டித் துணியைச் சுற்றிவைத்தார். அதற்கு முன் தவில் வாசித்தவர் அந்நேரம் திண்ணையில் உட்கார்ந்திருப்பார்; விரல்கள் முழங்காலில் தட்டிக்கொண்டிருக்கும். மின்சாரம் போனால் பூசாரி அவரைக் கூப்பிடுவார். அவர் உடனே எழுந்ததாக எனக்கு நினைவில்லை.

ஒன்றுதான் பொறுக்கவில்லை. மேடை நிறையப் புகை விட்டே பெயர் வாங்கிய குழு பிறந்த ஊரில், நான் ஒரு கட்டிக் கற்பூரம் ஏற்ற வழியில்லை. புகை அலாரம் ஊரையே கூட்டிவிடும்.

மற்றபடி ஊர் பழகிவிட்டது. டிசம்பரில் நாலு மணிக்கு முன்பே இருட்டுவதும் பழகிவிட்டது. அந்த இருட்டில் சுவருக்கு அப்பால் டாக்டர் தொடங்கினால்தான், கை தானாகத் தீப்பெட்டியைத் தேடுகிறது.